சிட்டு திரும்பும் நேரம்

“கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே அலுத்துப்போச்சு மேடம். அது வாயே திறக்க மாட்டேங்குது.”

இதைச் சொன்னபோதும் வேலாயுதம் அழைப்பு விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை. சொல்லி முடித்ததும் இன்னொரு முறை அழுத்தினார்.

வெளியே, கருவேலங்காட்டின் நடுவில், பெரிய வெள்ளைத் தட்டு ஒன்று வானத்தைப் பார்த்தபடி நின்றது. தொலைவில் போகும் விண்கலங்களோடு பேசுவதற்கான தட்டு அது. அதன் மேலேறிப் பழுது பார்த்துவிட்டு, கையெல்லாம் மசகோடு அப்போதுதான் உள்ளே வந்தாள் ஜெசிந்தா.

அவளுக்கு வேலாயுதத்தைவிடப் பத்து வயது குறைவு. ஆனால் இந்த அறையில் அவள்தான் குரு.

வேலாயுதம் பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்களை மேய்த்தவர். அங்கே இமை மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிடும். “தூரத்து வேலையையும் கத்துக்குடுங்க” என்று அவராகக் கேட்டு இங்கே வந்திருந்தார்.

வந்ததும் கிடைத்த பொறுப்பு, சிட்டு.

சிட்டு ஒரு விண்கலம். ஒரு பீரோ அளவுதான் இருக்கும். செவ்வாய்க்கும் அப்பால், இதுவரை யாரும் கிட்டத்தில் பார்த்திராத ஒரு குறுங்கோளை நெருங்கிப் படம் பிடித்திருந்தது. படங்களை அனுப்புவதற்குள் எதனாலோ தடுமாறி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது.

அதன் காதுக்கு எந்தப் பக்கத்திலிருந்து அழைத்தாலும் கேட்கும். பேச வேண்டுமானால் மட்டும் அது பூமியை நேராகப் பார்க்க வேண்டும்.

பொழுது சாய்ந்ததும் தட்டை வேறொரு கலத்துக்குக் கொடுத்தாக வேண்டும். அதற்குள் சிட்டு பேசாவிட்டால், அதை அப்படியே விட்டுவிடுவது என்று தலைமையகம் முடிவு செய்திருந்தது.

“என்ன சொல்லிக் கூப்பிடுறீங்க, சார்?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

“‘பூமியைப் பார்த்துத் திரும்பு.’ அவ்வளவுதான்.”

“எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை?”

“நேரமா? காலையிலேருந்து மூச்சே விடலை மேடம். கூப்பிடலைன்னு ஒரு குறை வந்துரக் கூடாது பாருங்க.”

அவர் மறுபடியும் அழுத்தினார்.

ஜெசிந்தா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“தாகமா இருக்கு. கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்க, சார்.”

இந்த நேரத்தில் தண்ணீரா என்று அவருக்கு இருந்தது. ஆனாலும் எழுந்தார். தண்ணீர்ப் பானை நடைபாதையின் கோடியில் இருந்தது.

கதவைத் தாண்டியிருப்பார்.

“வேலாயுதம் சார்!”

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. பொறுப்பில் இருப்பவர் கூப்பிட்டால், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து நிற்க வேண்டும். வேலாயுதத்துக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும். செயற்கைக்கோள்களுக்கும் அதையே விதியாக எழுதி வைத்தவர் அவர். சிட்டுக்குள்ளும் அந்த விதியைத்தான் வைத்திருந்தார்கள்.

ஓடி வந்தார். “சொல்லுங்க மேடம்.”

“தண்ணி கொண்டு வாங்க.”

“அதுக்குத்தானே போனேன்?”

“போங்க.”

இந்த முறை பாதி நடைபாதை வரை போனார்.

“வேலாயுதம் சார்!”

திரும்பி வந்தார்.

“தண்ணி.”

அவர் விறுவிறுவென்று நடந்தார். பானையின் மூடியைத் திறந்து தம்ளரை உள்ளே விட்டார்.

“வேலாயுதம் சார்!”

வெறும் தம்ளரோடு வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

“மேடம், மன்னிக்கணும். விளையாட இதுவா நேரம்? நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்தா நான் எப்படித்தான் தண்ணி கொண்டு வர்றது? ஒவ்வொரு தடவையும் முதல்லேருந்து...”

பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

ஜெசிந்தா சன்னல் வழியே தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலாயுதம் திரையைப் பார்த்தார். விசையைப் பார்த்தார். சிட்டு தன் இடத்திலிருந்து பூமிப் பக்கம் திரும்பி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவர் ஒரு நிமிடம்கூட அதை விட்டுவைக்கவில்லை.

“ஐயோ” என்றார் மெதுவாக. “பாவம், அது காலையிலேருந்து திரும்ப ஆரம்பிச்சுக்கிட்டே இருக்கு.”

“தண்ணி?” என்றாள் ஜெசிந்தா.

அவர் போனார். இந்த முறை யாரும் கூப்பிடவில்லை. தம்ளர் நிறையக் கொண்டு வந்து வைத்தார். பிறகு விசைக்கு எட்டாத தூரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கடைசி அழைப்பு போய்ச் சேர வேண்டும். சிட்டு திரும்ப வேண்டும். அதன் குரல் அவ்வளவு தூரமும் வர வேண்டும்.

வெயில் இறங்கத் தொடங்கியது.

தொலைபேசி அடித்தது. வேலாயுதம் எடுத்தார். தலைமையகம்.

“என்ன சார், ரொம்ப நேரமா அங்கேருந்து ஒரு அழைப்பும் போகலையே? நம்பிக்கை விட்டுப்போச்சா? அப்படின்னா தட்டை இப்பவே குடுத்துரலாமே?”

“குடுக்க முடியாது. வேலை நடந்துக்கிட்டு இருக்கு.”

“என்ன வேலை?”

வேலாயுதம் ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“பேசாம இருக்கிற வேலை” என்றார்.

அந்தப் பக்கம் சிரித்தார்கள். “நல்ல வேலைதான். பொழுது சாயும்வரைக்கும் பாருங்க.”

கருவேல மரங்களின் நிழல் நீண்டு தட்டின் காலைத் தொட்டது. வேலாயுதத்தின் கை இரண்டு தடவை விசைப் பக்கம் போனது. இரண்டு தடவையும் அதைத் தன் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

திரையில் தட்டையாகக் கிடந்த பச்சைக் கோட்டில், நடுவில், சின்னதாக ஒரு முள் எழுந்தது.

விழுந்தது. மறுபடி எழுந்தது. அப்படியே நின்றது.

வேலாயுதம் துள்ளி எழுந்தார். விசைக்கு மேலே கை நீண்டது. கேட்க எவ்வளவோ இருந்தது. எங்கே போயிருந்தாய், என்ன ஆயிற்று, படங்கள் பத்திரமா?

கையை மெல்ல மடக்கி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

திரையில் ஒரு படத்தின் முதல் வரி விழுந்தது. அதன் கீழே இன்னொரு வரி. கறுப்பு வானத்தின் ஓரத்தில் ஒரு சாம்பல் நிற விளிம்பு எட்டிப் பார்த்தது.

“என்ன சார் சொல்லுது?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கு, மேடம்.”