தலையாட்டும் செலவு

அரிசி ஆலை முதலாளி வைரவநாதனுக்குத் திடீரென்று சிக்கன ஆசை வந்துவிட்டது. சமையல்காரி செண்பகவடிவைக் கூப்பிட்டார்.

"அடுப்படிச் செலவு பாதியாகணும். என் தட்டுல ஒரு அப்பளம்கூடக் குறையக் கூடாது. முடியாட்டா வேற வீடு பாத்துக்கோ."

"சரிங்கய்யா" என்றாள்.

தினமும் காலையில் முதலாளி பாடுவார். கேட்பதற்கென்றே ஒரு கூட்டம் வந்து, காப்பியும் பஜ்ஜியும் சாப்பிட்டபடி தலையை ஆட்டும். மறுநாள் அந்தக் கூட்டத்துக்கு அவள் சீரகத் தண்ணீர் மட்டும் கொடுத்தாள்.

வாரக் கடைசியில் செலவு சரிபாதி. அப்பளம் குறையவில்லை. கூடம்தான் காலி.

"பாட்டுக் கேக்க வர்றவங்கள்லாம் எங்கே?" என்றார் முதலாளி.

"எதிர்வீட்டுக்காரர் பாட ஆரம்பிச்சிருக்காருங்கய்யா. அங்க உக்காந்து தலையை ஆட்டுறாங்க."

"அவனுக்குப் பாடவே தெரியாதே."

"காப்பி நல்லாயிருக்காம்."