மரங்கொத்தி தட்டினால் குரல் கொடு

ஒரு காட்டுப் பல்கலைக்கழகத்தில் கரடிதான் பதிவாளர். ஆபீஸ், ஆற்றுக்கு அக்கரையில் ஓர் ஆலமரத்தடியில். ஒரு புயலில் அந்த மரம் பாதி சாய்ந்தது. "மரத்தைச் சரிசெய்யும்வரை எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்!" என்றது கரடி.

முயலுக்கு ஏகக் குஷி. நாலுகால் மாணவர்களுக்குப் பரீட்சை ஹால்டிக்கெட் எழுதுவது அதன் வேலை. முன்பெல்லாம் முதலை கிடக்கும் ஆற்றில் பாறை பாறையாகத் தாவி ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். இப்போது கண் திறக்காத குட்டிகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, இலை இலையாக எழுதித் தள்ளியது.

கரடிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. தான் நடந்துபோனால் எழுந்து நிற்க ஓர் ஆள் இல்லையே! ஒரு நாள் மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்ததும், "வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள், சந்தேகமே இல்லை!" என்று முடிவு கட்டியது.

கேளுங்கள் கூத்தை! மரங்கொத்தி ஒவ்வொரு வாசலாகப் போய்த் தட்டவேண்டுமாம். உள்ளே இருப்பவர் உடனே "இருக்கேன் ஐயா!" என்று குரல் கொடுக்கவேண்டுமாம். கொடுக்காதவர், மரம் சாய்ந்தே கிடந்தாலும், மறுபடி ஆற்றைத் தாண்டி ஆபீசுக்கு வரவேண்டுமாம்.

பறவை மாணவர்களுக்கு ஹால்டிக்கெட் எழுதும் கிளிக்கு இது சர்க்கரைக் கட்டி. எழுதுவதையே விட்டுவிட்டு, தட்டுவதற்கு முன்பே "இருக்கேன் ஐயா! இருக்கேன் ஐயா!" என்று கத்தியது.

முயலும் குரல் கொடுத்துத்தான் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் குட்டிகள் அலறி எழுந்தன. பாதி எழுதிய பெயர் மறந்துபோனது. பரீட்சையோ நெருங்கிவிட்டது.

"கிளித்தம்பி, இப்படியே போனால் எப்போதப்பா எழுதுவது?"

"எழுதுவதை யாரக்கா பார்க்கிறார்கள்? குரலைத்தானே கேட்கிறார்கள்!"

முயலுக்கு மனசு கேட்கவில்லை. ஹால்டிக்கெட் இல்லாமல் மான்குட்டி வாசலில் அழுதுகொண்டு நிற்குமே! காதுகளை மடக்கிக் கட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தது. எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தது. வெளியே மரங்கொத்திக்கு அலகு வலித்ததுதான் மிச்சம்.

முயலுக்கு உத்தரவு வந்துவிட்டது. "நாளை முதல் ஆபீசுக்கு வா!" கிளிக்கோ மாலை போட்டு, 'வீட்டிலிருந்தே ஓயாது உழைக்கும் ஊழியர்' என்று பட்டமும் கொடுத்தார்கள்.

பரீட்சை நாள் வந்தது. நாலுகால் பிள்ளைகள் ஹால்டிக்கெட்டோடு ஜம்மென்று உள்ளே போனார்கள். பறவைப் பிள்ளைகள் வெளியே நின்று கூச்சல் போட்டார்கள்.

"நாலுகால் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்தது யார்?" என்றது கரடி.

"நான்தான் ஐயா. வீட்டில் இருந்தபோதே எல்லாவற்றையும்..." என்று முயல் ஆரம்பித்தது.

"பார்த்தீர்களா! ஆபீசுக்கு வா என்றதும் முயல் என்னமாய் வேலை செய்கிறது!" என்று பூரித்துப்போனது கரடி. "சரி, பறவைகளுக்கு?"

"குரல் கொடுக்கவே நேரம் சரியாகப் போய்விட்டது ஐயா!" என்றது கிளி.

"பாவம், உனக்குத்தான் எவ்வளவு வேலை!" என்று உச்சுக்கொட்டியது கரடி.

அதற்குப் பிறகு முயல் தினமும் பயந்து பயந்து ஆற்றைத் தாண்டியது. கரடிக்கு எதிரிலேயே உட்கார்ந்தது. கரடி தலை நிமிரும்போதெல்லாம் எழுந்து நின்று கும்பிட்டது. நினைப்பெல்லாம் குட்டிகளிடம். பாவம், அது என்ன செய்யும்! ஓர் இலைகூட எழுத ஓடவில்லை.

அடுத்த பரீட்சைக்கு மான்குட்டியும் வெளியேதான் நின்று அழுதது.

ஆள் இருக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருக்கும் அதிகாரிக்குக் கடைசியில் ஆள்தான் மிஞ்சும், வேலை மிஞ்சாது.