நூறு ரூபாய் மதிப்பீடு

புறவழிச் சாலைக்காகப் பவுனம்மாவின் தெருவே போகப்போகிறது. வீடுகளுக்கு மதிப்புப் போட அரசாங்கம் டெண்டர் விட்டது. மற்ற மதிப்பீட்டாளர்கள் ஒரு வீட்டுக்கு மூவாயிரம் ரூபாய் கேட்க, ஞானவரதன் வெறும் நூறு கேட்டார். வேலை அவருக்கே போனது. நூறு ரூபாய் டீசலுக்கே காணாதே என்று ஒரு அதிகாரிக்கும் தோன்றவில்லை. பவுனம்மாவின் செங்கல் காரை வீட்டைக் கீற்றுக் குடிசை என்று எழுதிக் கொடுத்துவிட்டார் மனுஷர்.

“தப்புன்னா இப்பவே நிரூபி. இல்லேன்னா கையெழுத்தைப் போட்டுட்டுப் போ,” என்று தாலுகா அலுவலகத்தில் முறையிட வந்தவளை அதட்டினார் தாசில்தார்.

பவுனம்மா பக்கத்தில் நின்ற ஞானவரதனைக் கும்பிட்டாள். “நூறு ரூபாய்க்கு எங்க தெரு வரைக்கும் வந்தீங்களா சார்?”

“வராமலா? நவம்பர் பதினாலு. உன் வாசல்லயே ஜீப்பை நிறுத்தி, நானே டேப் பிடிச்சு அளந்தேன்.”

பவுனம்மா தாசில்தார் பக்கம் திரும்பினாள். “ஐயா, அன்னைக்குத்தானே வெள்ளத்துல எங்க வீட்டு மொட்டை மாடியிலேர்ந்து எங்களைப் படகுல இறக்குனீங்க? ஜீப்பு ஏதாச்சும் கண்ணுல பட்டுச்சா?”

தாசில்தார் அறிக்கையை மூடினார். “மறுபடியும் அளக்கச் சொல்றேன். இழப்பீடு கூடுதலாக் கிடைக்கும். சந்தோஷம்தானே?”

“வீடு போறது போறதுதான் ஐயா. யாராவது ஒருத்தர் வந்து பார்த்துட்டு இடிக்கட்டும்.”