லாஸ்ட் சீன் வராத போன்

எங்கள் குருவுக்குத் தாடி கிடையாது. வயது முப்பத்தாறு, பெயர் மெஹருன்னிசா. திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு மாடியில் செல்போன் பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார். மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை வகுப்பு. எல்லோருக்கும் அவர் டீச்சர்.

சிஷ்யர்களில் மூத்தவருக்கு அறுபத்தெட்டு. பெயர் சவரிராஜ். ஒரு கல்லூரி விடுதியில் முப்பத்தோரு வருஷம் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சர் உட்பட எல்லோரும் அவரை வார்டன் சார் என்றுதான் கூப்பிடுவோம்.

நான் அவருக்குப் பக்கத்து பெஞ்ச். ஸ்கூல் வேன் ஓட்டி ஓட்டி இடுப்பு போய், உட்கார்ந்து செய்கிற தொழிலாகப் பார்த்து வந்து சேர்ந்தவன். வாய் சும்மா இருக்காது எனக்கு. முதல் நாளே அவரிடம் கேட்டுவிட்டேன், இந்த வயதில் எதற்கு சார் இது என்று.

"வீட்டுல யாரும் இல்லப்பா. இங்க பத்துப் பேர் இருக்கீங்க," என்றார்.

மனைவி தவறிப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள் எஸ்தர், அயர்லாந்தில் நர்ஸ். அவர் வாயில் வேறு பேச்சே வராது. எஸ்தர் காலையில் ஐந்துக்கே எழுந்துவிட்டாள், எஸ்தர் நேற்று சரியாகத் தூங்கவில்லை, இப்படியே போகும். தினம் மகளோடு பேசுகிற மனுஷன், கொடுத்துவைத்தவர் என்று நினைத்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை அவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுந்து நின்றார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க சார்."

"புது போன் வாங்கணும். ஆண்ட்ராய்டா, ஐபோனா?"

அவ்வளவுதான், வகுப்பு இரண்டாக உடைந்தது. ஐபோன் ஒரு தடவை வாங்கினால் அஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்கவேண்டாம் என்றது ஒரு கட்சி. ஆண்ட்ராய்டு நம்ம வீடு மாதிரி, எந்தச் சாமானை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்றது இன்னொரு கட்சி. தேர்தல் தோற்றது போங்கள். நானும் ஆண்ட்ராய்டு பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

டீச்சர் கையிலிருந்த சால்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்தார்.

"இப்ப வச்சிருக்கற போனுக்கு என்ன சார்?"

"பழுது டீச்சர்."

"என்ன பழுது?"

"எஸ்தரோட லாஸ்ட் சீன் வர்றதில்ல. மூணு வாரமா. உங்க எல்லாருக்கும் வருது, அவளுக்கு மட்டும் வரலை. அவ வச்சிருக்கறது ஐபோன், என்னது ஆண்ட்ராய்டு. அதான் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரலை. நானும் ஐபோன் வாங்கிட்டா வந்துடும் இல்ல?"

கத்திக்கொண்டிருந்த வகுப்பு கப்பென்று அடங்கியது.

வாட்ஸ்அப்பில் ஒருவர் பெயரைத் திறந்தால், அவர் கடைசியாக எப்போது வந்து போனார் என்று நேரம் காட்டும். பிடிக்காவிட்டால் அதை மறைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் மறைக்கலாம், ஒரே ஒரு ஆளுக்கு மட்டும்கூட மறைக்கலாம். எந்தப் போனாக இருந்தாலும் அதேதான். எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். அவருக்குத் தெரியவில்லை. எவன் சொல்வது? நான் ஸ்க்ரூ டிரைவரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அந்த நேரத்தை வச்சு என்ன சார் பண்ணுவீங்க?" என்றார் டீச்சர்.

வார்டன் சார் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக் காட்டினார். விடுதி வருகைப் பதிவேடு மாதிரியே கோடு போட்டிருந்தது. தேதி, எழுந்த நேரம், படுத்த நேரம், குறிப்பு. குறிப்பில் சிவப்பு மையில் எழுதியிருந்தார். 'இரவு 1.40 வரை விழிப்பு. கேட்டதற்குப் பதில் இல்லை.' 'டியூட்டி இல்லாத நாள். 4.20க்கு ஆன்லைன். ஏன்?'

பெருமையாகத்தான் காட்டினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அவகிட்ட கேட்பீங்களா சார்?" என்றார் டீச்சர்.

"கேட்காம? உடனே கேட்டுடுவேன்." போனைத் திறந்து நீட்டினார். எட்டிப் பார்த்தேன். 'இன்னும் தூங்கலையா?' 'ஆன்லைன்ல இருக்கே, அப்பாவுக்கு ஒரு வார்த்தை எழுத நேரமில்லையா?' 'யார்கூடப் பேசிக்கிட்டிருந்தே?' எல்லாம் அவர் பக்கத்து மெசேஜ். மகளிடமிருந்து எப்போதாவது ஒரு கட்டைவிரல் படம்.

தினம் பேசுகிறார் என்று நான் நினைத்தது இதைத்தான்.

டீச்சர் நோட்டை மூடித் தன் மேஜையில் வைத்துக்கொண்டார்.

"எந்தப் போன்னு நாளைக்குச் சொல்றேன் சார். இது இங்க இருக்கட்டும்."

மறுநாள் இரண்டு மணிக்கு டீச்சர் தன் ஸ்டூலைத் தூக்கிவந்து வார்டன் சார் பெஞ்சுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். மடியில் அந்த நோட்டு, கையில் பேனா. எங்களுக்கு ஆளுக்கொரு பழைய போன் போர்டைக் கொடுத்து, கிளீன் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் எதையும் தொடவில்லை. வார்டன் சாரைப் பார்ப்பார், எழுதுவார். பார்ப்பார், எழுதுவார்.

முதலில் வார்டன் சார் சிரித்தார். "என்ன டீச்சர், பரீட்சையா?"

பத்து நிமிஷத்தில் ஒரு ஸ்க்ரூவைக் கீழே போட்டார். குனிந்து தேடினார்.

"ஏன் சார் போட்டீங்க?"

"கை தவறிடுச்சு."

டீச்சர் எழுதிக்கொண்டார். வார்டன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நேத்து துடைக்கலையே. இன்னைக்கு என்ன?"

"தூசி டீச்சர்."

அதையும் எழுதிக்கொண்டார். கொட்டாவி விட்டால், ராத்திரி ஏன் தூங்கவில்லை என்றார். வாசல் பக்கம் திரும்பினால், யாரைப் பார்க்கிறீர்கள் என்றார். எனக்கே முதுகு கூசியது. மூன்றரைக்கு அவர் எழுந்து பாத்ரூம் பக்கம் போனார்.

"இப்பதானே போனீங்க?"

வார்டன் சார் முகம் சிவந்துவிட்டது. அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை.

"என்ன டீச்சர் இது! நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்? இப்படி உட்கார்ந்து எழுதிக்கிட்டே இருந்தா ஒரு மனுஷன் எப்படி..."

அங்கேயே நின்றுவிட்டார். டீச்சர் மடியிலிருந்த நோட்டையே பார்த்தார். அவரே கோடு போட்ட நோட்டு. நாங்கள் யாரும் தலை நிமிரவில்லை.

பிறகு வார்டன் சார் கேட்டார்.

"அவளே மறைச்சுட்டாளா?"

"ஆமா சார்."

"எனக்கு மட்டுமா?"

"அது எனக்குத் தெரியாது."

"ஐபோன் வாங்கினாலும்?"

வராது என்று டீச்சர் தலையை ஆட்டினார்.

வார்டன் சார் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "ஒரு நாள் அவளைத் திட்டினதில்ல டீச்சர். ஹாஸ்டல்ல முந்நூறு பசங்களை இப்படித்தான் பார்த்துக்கிட்டேன். ராத்திரி ரூம் ரூமா டார்ச் அடிச்சு, எல்லாரும் படுத்துட்டாங்களான்னு பார்த்துட்டுத்தான் நான் படுப்பேன். அதுல என்ன தப்பு?"

"அந்தப் பசங்கள்ல இப்ப யார் சார் உங்களைக் கூப்பிடறாங்க?"

இப்படியா கேட்பது ஒரு பெரிய மனுஷனை? எனக்கு டீச்சர் மேல் கோபம்கூட வந்தது.

"எனக்கு அவளைப் பார்க்க வேற வழி என்ன இருக்கு?" என்றார் வார்டன் சார்.

"கூப்பிடுங்க."

"கூப்பிட்டா என்ன பேசறது?"

"எது வேணா பேசுங்க. கேள்வி மட்டும் கேட்காதீங்க."

"அவ்வளவுதானே," என்றார். உடனே வாயைத் திறந்தார். "எஸ்தர், சாப்..." நிறுத்தினார். "எஸ்தர், தூங்..." மறுபடி நிறுத்தினார். "அங்கே குளிர்..." என்று ஆரம்பித்தது, எப்படி இருக்கு என்பதில் போய் நின்றது.

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அம்மாவை நினைத்துக்கொண்டு நானும் மனசுக்குள் முயற்சி செய்தேன். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, இதை விட்டால் எனக்கும் ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. பாசமாக இருப்பதென்றால் இதுதான் என்று பழகிவிட்டது நமக்கு. விசாரிக்கிறோம், விசாரித்து முடித்ததும் வைத்துவிடுகிறோம்.

புதன், வியாழன் அவர் வகுப்புக்கு வரவில்லை. போய்ப் பார்க்கலாமா என்று டீச்சரைக் கேட்டேன். "அவர் வார்த்தை தேடிக்கிட்டிருக்கார், விடுங்க," என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தார். சவரம் செய்யாத முகம். பெஞ்சில் உட்கார்ந்ததும் போனை எடுத்து முன்னால் வைத்தார்.

"இங்க வச்சுக் கூப்பிடட்டுமா டீச்சர்? வீட்டுல முடியலை."

டீச்சர் ஃபேனை நிறுத்தச் சொன்னார். வார்டன் சாருக்குக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கர்தான். எங்களுக்கு எழுந்து வெளியே போகவும் தோன்றவில்லை. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிடும் என்று நினைத்தபோது எடுத்தாள்.

"என்னப்பா?"

"எஸ்தர்."

"சொல்லுங்க. நைட் டியூட்டி முடிஞ்சு இப்பதான் வந்தேன். சாப்பிட்டாச்சு. இனிமேதான் தூங்கணும். ஜுரம் எதுவும் இல்ல. யார்கூடவும் பேசிக்கிட்டிருக்கல. வேற?"

அவர் கேட்கப்போவதற்கெல்லாம் முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டாள். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது.

"அப்பா? இருக்கீங்களா?"

"இருக்கேன்மா." போனைக் கிட்டே இழுத்துக்கொண்டார். "நான் எதுவும் கேட்கறதுக்குக் கூப்பிடலை."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"எனக்கு வீட்டுல பயமா இருக்கு எஸ்தர். ராத்திரி லைட்டை அணைக்கறதில்ல. அம்மா கட்டில்ல நியூஸ் பேப்பரை அடுக்கி வச்சுட்டேன், காலியாத் தெரியக் கூடாதுன்னு. உன் பேருக்குக் கீழே நேரம் வரும் பாரு, அதைப் பார்த்தா பக்கத்து ரூம்ல நீ நடமாடறாப்ல இருக்கும். அதான் பார்த்துக்கிட்டே இருந்தேன். நீ மறைச்சது சரிதான்மா. உன்னை நான் ரொம்பப் பண்ணிட்டேன். சொல்லணும்னு இருந்தது, சொல்லிட்டேன். நீ தூங்கு. வைக்கறேன்."

"அப்பா, வைக்காதீங்க."

அவர் கை போன் மேல் அப்படியே நின்றது.

"வைக்காதீங்கப்பா." அந்தக் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. அவள் மூக்கை உறிஞ்சுவது ஸ்பீக்கரில் கேட்டது. "நீங்க சாப்பிட்டீங்களா?"

வார்டன் சார் வாயைத் திறந்தார். பதில் சொல்லிப் பழக்கமில்லாத கேள்வி. இரண்டு வருஷமாக அவரிடம் யாரும் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள். போனை எடுத்துக் காதில் ஒட்டி வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே படிக்கட்டுக்குப் போய்விட்டார்.

நாங்கள் வேலையைப் பார்த்தோம். பார்த்த மாதிரி இருந்தோம் என்று சொல்லவேண்டும். என் போர்டில் ஒரு ஐசி சிப்பைத் தலைகீழாக வைத்து ஒட்டிவிட்டு, அதற்கு டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அவர் உள்ளே வந்தார். கண் வீங்கியிருந்தது. முகம் கழுவியிருந்தார், சட்டையெல்லாம் தண்ணீர்.

"என்ன சார் சொன்னாங்க?" என்றேன். என் வாய்தான் தெரியுமே.

"அவளுக்கும் அங்கே பயம்தானாம்பா. அங்கே சீக்கிரம் இருட்டிடுதாம். லைட்டைப் போட்டுட்டுத்தான் தூங்கறாளாம். எனக்குத் தெரியவே தெரியாது. இத்தனை நாள் மணியை மட்டும் எழுதிவச்சிருந்தேன்."

தன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை கூப்பிடறேன்னா. கூப்பிடுவாளோ என்னவோ. லாஸ்ட் சீனைத் திரும்பப் போடறேன்னு அவ சொல்லலை. நானும் கேட்கலை."

ஐந்து மணி ஆயிற்று. ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அவர் மட்டும் கிளம்பவில்லை. அந்தத் தனி வீட்டுக்குப் போகவேண்டுமே. டீச்சர் மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

"டீச்சர், நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை."

"எது சார்?"

"ஆண்ட்ராய்டா, ஐபோனா?"

டீச்சர் நோட்டை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"எது வேணா வாங்குங்க சார். நீங்க கூப்பிட்டா, அங்க திரையில அப்பான்னுதான் வரும்."