சுருட்டியது யார்?

மழை பொய்த்தால் மற்ற நாடுகளில் குளம் வெட்டுவார்கள். கொன்றைநாட்டில் ராஜா உலா போவார். மன்னர் கோதண்டவேந்தரின் திருமுகத்தைப் பார்த்தாலே பயிர் தளிர்த்துவிடும் என்று பிரதானி அனவரதராயர் சொல்லியிருந்தார். மன்னரும் நம்பினார். தன் முகத்தைப் பற்றி நல்லதாக யார் எதைச் சொன்னாலும் அவர் நம்பிவிடுவார்.

உலா உச்சிவெயிலில் நடந்தது. அதற்கு முன் மன்னர் கண்விழிக்கும் வழக்கமில்லை.

கரட்டூரில் பல்லக்கு நின்றது. இரண்டு பக்கமும் சோளம். ஒவ்வொரு இலையும் குழலாகச் சுருண்டிருந்தது.

"என்ன இது? என்னைக் கண்டதும் சுருட்டிக்கொள்கிறதே!"

"அவமரியாதை, மகாராஜா," என்றார் பிரதானி. "இந்த ஊர்க்காரர்கள் பயிரையும் தங்களைப் போலவே வளர்த்திருக்கிறார்கள்." கரட்டூர் நிலத்தின்மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். சரியாகச் சொன்னால் இரண்டு கண்ணும். அரண்மனை நிலமெல்லாம் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

வயலுக்குச் சொந்தக்காரி செல்லாண்டி ஓடிவந்து விழுந்தாள். "சாமி, மண்ணுல ஈரமில்லீங்க. அதான் உச்சியில சுருளுதுங்க. காலையில வந்து பாருங்க, இலை விரிஞ்சு நிக்கும்ங்க."

"மன்னரைக் காலையில் எழுந்திருக்கச் சொல்கிறாயா!" பிரதானி பதறிப்போனார். ஆக, குற்றம் இரண்டு.

அங்கேயே ஆணை பிறந்தது. பிரதானியே வாசகம் சொன்னார்: "இந்தப் பஞ்சத்தில் சுருட்டியவர் எவரோ, அவர் நிலம் அரண்மனைக்கு."

"'இலையை' என்று ஒரு சொல் சேர்க்கட்டுமா?" என்று எழுத்தர் கேட்டார்.

"ஓலை வீணாகும். அப்படியே எழுதும்!" என்றார் பிரதானி.

முத்திரை விழுந்தது. செல்லாண்டி எழுந்திருக்கவே இல்லை.

பல்லக்குக்குப் பின்னால் நடந்துவந்த விகடகவி விருத்தகிரி கைதட்டினார். "அபாரமான வாசகம்! ஓர் எழுத்துகூட மாறக்கூடாது, மகாராஜா."

"மாறாது."

"சத்தியமாக?"

"சத்தியமாக! எதற்கு ஐயா?"

"மனசு நிறைந்துவிட்டது. அப்படியே விசுவாசமான பயிர் ஒன்றையும் பார்த்துவிடலாம். அதோ!"

கொஞ்ச தூரத்தில் ஒரு சோளக்கொல்லை. கரும்பச்சை. ஒவ்வொரு இலையும் வாளைப்போல விரிந்து நின்றது.

"ஆகா! யாருடையது?"

"அடியேனுடையது," என்றார் பிரதானி, நெஞ்சை நிமிர்த்தி. "என் பயிருக்கு மரியாதை தெரியும்."

விருத்தகிரி பணிவாகக் கேட்டார். "பிரதானியாரே, இலைக்குக் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் உண்டு. திறந்தால் சாப்பாடு உள்ளே வரும், ஈரம் வெளியே போகும். மண்ணும் காற்றும் சேர்ந்து காய்ந்தால், 'வாயை மூடு' என்று வேர் சேதி அனுப்பும். இலையும் மூடிக்கொண்டு, சுருண்டு, பட்டினி கிடந்து பிழைக்கும். சபையில் நமக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லை."

"அதற்கென்ன இப்போது?"

"ஒரே மண். ஒரே வெயில். ஒரே காற்று. உம்முடைய பயிர் மட்டும் அத்தனை வாயையும் திறந்து விருந்து சாப்பிடுகிறதே, அதன் வேர் என்ன சேதி அனுப்பியிருக்கும்?"

பிரதானி அவசரமாகப் பல்லக்கின் திரையை மூடப் போனார்.

அதற்குள் மன்னர் தாமே இறங்கிப் போய்க் கொல்லைக்குள் கால் வைத்தார். முழங்கால் வரை சேறு. கால் வந்தது, பொற்செருப்பு வரவில்லை. சோளத்துக்கு நடுவே ஒரு கள்ள வாய்க்கால். அது நேராக ஏரி மதகுக்குப் போயிற்று. குடிக்க மட்டும் என்று மன்னரே அடைத்துவைத்த ஏரி. காவல் பிரதானியின் ஆட்கள்.

"மகாராஜா, செல்லாண்டியின் சோளம் தன் இலையைத்தான் சுருட்டியது," என்றார் விருத்தகிரி. "இவர் உங்கள் ஏரியையே சுருட்டிவிட்டார். ஓலையில் 'இலை' என்ற சொல்லே இல்லை. சத்தியம் வேறு செய்திருக்கிறீர்கள்."

ஒற்றைச் செருப்போடு மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிரதானியின் கொல்லை அந்தக் கணமே அரண்மனைக்குப் போயிற்று; செல்லாண்டியின் நிலம் அவளுக்கே நின்றது. அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"கேளும் விருத்தகிரி, என்ன பரிசு வேண்டும்?"

"பெரிதாக ஒன்றுமில்லை. நாளை விடியற்காலையில் நீங்கள் எழுந்துவந்து, இவள் பயிர் விரிந்து நிற்பதைப் பார்க்க வேண்டும்."

மன்னரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"வேறு ஏதாவது கேளும் ஐயா. பாதி ராஜ்ஜியம் தருகிறேன்."