பசு திரும்பிய பக்கம்

ஒரு குழந்தைமேல் உயிரையே வைத்திருந்த மூவரின் கதை இது. மூவரும் அன்பினால்தான் செய்தார்கள். அப்படியும் அந்தக் குழந்தை ஒன்பது நாள் வாய் திறக்கவில்லை. நிதானமாகக் கேளுங்கள்; முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன்.

குலசேகரத்தில் ஜெஸிந்தா என்றொரு நர்ஸ் இருந்தாள். ஓமானில் ஒரு மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்தது. இரண்டு ஆண்டு முடியாமல் விடுப்பு கிடையாது என்பது ஒப்பந்தம். கணவன் அமலதாஸ் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். மகள் அபிஷாவுக்கு அப்போது ஐந்து வயது. 'அ'வையும் 'ஆ'வையும் பிரித்தறியவே திணறுவாள்.

ஜூன் மாதம் புறப்படும்போது ஜெஸிந்தா மகளுக்கு ஒரு படப் புத்தகம் கொடுத்தாள். நாம் எல்லோரும் கேட்ட கதைதான். காட்டில் புலியிடம் சிக்கிய பசு, "கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்று சொல்லிப் போகிறது. சொன்னபடியே திரும்பி வருகிறது. புலி மனம் இளகி விட்டுவிடுகிறது. மொத்தம் பன்னிரண்டு பக்கம். கடைசிப் பக்கத்தில் பசு மேட்டிலிருந்து இறங்கி வரும், கன்று வாலைத் தூக்கிக்கொண்டு எதிரே ஓடும். சொன்ன சொல் தவறக் கூடாது என்று அடியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும்.

"அம்மா, எப்பம் வருவ?" என்று அபிஷா கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இந்தப் புத்தகத்த எழுத்துக் கூட்டாம முழுசும் நீயே வாசிச்சிரு மக்ளே. அன்னைக்கே அம்மா வந்துருவேன்."

எப்படியும் இரண்டு ஆண்டு ஆகும் என்று அவள் கணக்குப் போட்டாள். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் எவ்வளவு வேகமாக எழுத்துப் படிக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

எட்டே மாதத்தில், ஒரு சாயங்காலம், அபிஷா பதினொரு பக்கத்தைத் தடுக்காமல் வாசித்தாள். "அப்பா, இன்னும் ஒரு பக்கந்தான். நாளைக்கு அதையும் வாசிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் சேலைகளை எடுத்து வெயிலில் காயப்போடச் சொன்னாள்.

மறுநாள் விடியலில், பால் வெட்டப் போகும் முன், அமலதாஸ் பிளேடால் அந்தக் கடைசிப் பக்கத்தை வெட்டி எடுத்து, ரேஷன் கார்டு இருந்த கவருக்குள் செருகினான்.

பக்கத்தைக் காணாமல் அபிஷா வீட்டையே புரட்டினாள். கட்டிலுக்கு அடியில், அரிசி மூட்டைக்குப் பின்னால், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில். கதையின் முடிவு அவளுக்கு மனப்பாடம்தான். ஆனால் அம்மா சொன்னது 'முழுசும்' வாசிக்க வேண்டும் என்று அல்லவா!

"தேடிட்டே இருக்கேன்மா" என்று போனில் சொன்னாள்.

ஜெஸிந்தாவுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. "மெதுவாத் தேடு மக்ளே" என்றாள்.

தினமும் காலையில் அபிஷாவுக்குத் தலை பின்னிவிட வருகிறவள் ஜெஸிந்தாவின் தங்கை மெர்லின். மே மாதம் ஒருநாள், பின்னிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை சொன்னாள்: "சித்தி, பக்கத்தத் தொலைச்சது நான்தானே. என்னாலதான் அம்மாவால வர முடியல."

மெர்லின் பின்னலைப் பாதியில் விட்டு, பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே, ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழை மெர்லின் தேடியபோது, கவருக்குள்ளிருந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது.

"அத்தான், இது உங்க வேலையா?"

அமலதாஸ் தலை குனிந்தான். "அவ குடுத்த வாக்கு பொய்யாயிரக் கூடாதுல்லா. அவ வர்ற அன்னைக்கு நானே எடுத்துக் குடுக்கேன். அதுவரை சொல்லாத, மெர்லின்."

"அதுக்காவ பிள்ளை தன்னையே குத்தம் சொல்லிட்டுத் திரியணுமா?"

மெர்லின் அவன் பேச்சைக் கேட்கவில்லை. அன்று மாலையே பக்கத்தை அபிஷாவின் கையில் கொடுத்து, "நீ தொலைக்கல. அப்பாதான் எடுத்து வச்சிருந்தாரு" என்றாள்.

அபிஷா அப்பாவை ஏறிட்டும் பார்க்கவில்லை. போனைக் கேட்டு வாங்கி அம்மாவை அழைத்தாள். பன்னிரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் வாசித்தாள். "முழுசும் வாசிச்சாச்சு. நாளைக்கு வருவியா?"

திரையில் மகளின் முகத்தைப் பார்த்தாள் ஜெஸிந்தா. அடுத்த வாரம் என்று சொல்லியிருக்கலாம். லீவு கேட்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொன்னாள்: "வர முடியாது மக்ளே. இன்னும் பதிமூணு மாசம் இருக்கு. அம்மா அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன்."

அபிஷா போனைக் கவிழ்த்து வைத்தாள். அதன்பின் ஒன்பது நாள் தாயோடும் பேசவில்லை, தகப்பனோடும் பேசவில்லை, சித்தியோடும் பேசவில்லை.

கேட்டீர்கள் அல்லவா? பிள்ளை அழாமல் இருக்க வாக்குக் கொடுத்தாள் தாய். அந்த வாக்கைக் காக்கப் பக்கத்தை மறைத்தான் தந்தை. பிள்ளையின் பழியைத் துடைக்க அதை வெளியே எடுத்தாள் சித்தி. இதில் யார் செய்தது சரி?

விடை: அமலதாஸ் மனைவியின் சொல்லைக் காத்தான், அந்தச் சொல்லின் பாரத்தைச் சுமந்தது குழந்தை. ஆகவே அது சரியல்ல. மெர்லின் அந்தப் பாரத்தை இறக்கினாள், அது சரி. ஆனால் பிள்ளையை ஏமாற்றத்தின் வாசலில் தனியாக நிறுத்திவிட்டாள், அது பாதிச் சரிதான். ஜெஸிந்தா வாக்குக் கொடுத்தபோது செய்தது தவறு. ஆனால், தன் வாக்கு பொய்யாகிவிட்டது என்று அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொன்னாளே, இந்தக் கதையில் முழுச் சரி அது ஒன்றுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று கேட்டால், பத்தாம் நாள் நடந்ததுதான் காரணம். அபிஷா தானாகவே போனை எடுத்தாள். எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. ஒருவரைக் காணாமல் மனம் ஏங்குவதை அந்த ஊரில் 'தேடுது' என்பார்கள். "அம்மா, ஒனக்கு என்னத் தேடுதா?" என்றாள்.

"ரொம்பத் தேடுது மக்ளே."

"எனக்கும்" என்றாள் அபிஷா.