ராணிக்குப் போட்ட பாதை

முன்னொரு காலத்தில் காவளநாட்டை வெற்றிமுடியான் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பதைவிட, நாட்டைப் படாதபாடு படுத்தினான் என்று சொல்லலாம். காலையில் ஓர் உத்தரவு போடுவான். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அதை மாற்றிவிடுவான். ராணி நீலி விஷயத்தில் மட்டும் அவன் மனசு மாறியதே இல்லை.

நீலி மலைக்காட்டில் பிறந்தவள். அங்கே இருவாச்சி என்றொரு பெரிய பறவை உண்டு. அது பறந்தால் சிறகுச் சத்தம் வெகுதூரம் கேட்கும். அரண்மனைக்கு வந்த நாள்முதல், அந்தி சாய்ந்தால் நீலி மேற்கு ஜன்னலில் போய் நின்றுகொள்வாள். அம்மாவின் நினைப்பும் அந்தச் சத்தத்தின் நினைப்பும் வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. கரடுமுரடான மலையில் ஏறிப் போய் வருவதோ லேசான காரியமில்லை.

ராஜா காட்டைப் பிளந்து அவள் பிறந்த ஊர்வரைக்கும் ஒரு பாதை போட்டுக் கொடுத்தான். முதல்முறை பல்லக்கில் போனபோது, மலையடிவாரத்து முதல் திருப்பத்திலேயே இருவாச்சி தலைக்குமேல் பறந்தது. ராணி குழந்தை மாதிரி கை தட்டினாள். மறுமுறை அதைக் கேட்கப் பாதி மலை ஏற வேண்டியிருந்தது. அதற்கடுத்த முறை அம்மா வீட்டு வாசலில் நின்றும் சத்தமே இல்லை. கரிச்சூளைப் புகைதான் கண்ணை எரித்தது.

இதற்குக் காரணம் அந்த நாட்டு வழக்கம் ஒன்று. ராஜபாதையில் நிற்பவன் கைக்கு எட்டுகிற மரம் வழிப்போக்கனுக்குச் சொந்தம். பசித்தவன் பழம் பறித்துக்கொள்ளட்டும் என்று ராஜாவின் பாட்டனார் ஏற்படுத்திய வழக்கம். சமவெளியில் அதனால் தொல்லை இல்லை. நாலு புளியமரம் தாண்டினால் வயல் வந்துவிடும். காட்டில் அப்படியா? எட்டிய மரத்தை வெட்டினார்கள். மரம் நின்ற இடம் மிதிபட்டுப் பாதையோடு சேர்ந்தது. அங்கே நின்று கை நீட்டினால் அடுத்த மரம் எட்டியது. வெட்டியதெல்லாம் சூளைக்குப் போயிற்று. அந்தக் கரியை வாங்கி விற்றுக் கொழுத்தவர் பொக்கிஷ அதிகாரி விடங்கர்.

ஊர் திரும்பிய ராணி வாய்விட்டு அழுதாள். ராஜா சபையைக் கூட்டினான். மந்திரி ஆதனார்மேல் விடங்கருக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். அவரை முந்திக்கொண்டு விடங்கர் எழுந்தார். பறவை உள்காட்டுக்குப் போய்விட்டது, பாதையிலிருந்து இடமும் வலமும் கிளைப்பாதைகள் போட்டால் ராணியார் அது இருக்கும் இடத்துக்கே போகலாம் என்றார். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது.

"போட வேண்டாம் மகாராஜா. ஒரு பாதை காட்டைத் தின்றது போதும்" என்றார் ஆதனார்.

விடங்கர் சிரித்தார். "பாதை என்ன ஆடா மாடா, மேய்வதற்கு? எத்தனை முழ அகலமோ அத்தனை முழ மரம்தான் போகும். வேண்டுமானால் மந்திரியார் என் மாந்தோப்பிலேயே ஒரு பாதை போட்டுப் பார்க்கட்டும்."

ஆதனார் அதற்குத்தான் காத்திருந்தார். ஒற்றை ஆள் நடக்கிற அகலம் போதும், ஆனால் அதை ராஜபாதை என்று தண்டோரா போட வேண்டும் என்றார். மழைக்காலத்துக்குள் தன் பேச்சு பலிக்காவிட்டால் பதவியை விட்டுவிடுவதாகவும் சொன்னார்.

அந்த மாந்தோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிலிருந்து ராஜாவுக்கே ஒரு பழம் வந்ததில்லை. அப்படிப்பட்ட தோப்புக்குள் பாதை போட்டுத் தண்டோரா அடித்ததும் ஊரே திரண்டு நடந்தது. முதலில் பழம் போயிற்று, பிறகு கிளை போயிற்று, பிறகு மரமே போயிற்று. விடங்கர் காவல் போட்டார். காவல்காரர்களும் பாதையில் நிற்பவர்கள்தானே? அவர்களும் ஆளுக்கொரு மரத்தை வெட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆற்றாமையில் விடங்கர் சபைக்கு ஓடிவந்து ராஜாவின் காலில் விழுந்தார்.

ராஜா நேரில் போய்ப் பார்த்தான். ஒற்றை ஆள் பாதையில் இப்போது யானைப்படையே போகலாம். முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் அந்த வெட்டவெளியில் வெயில் மண்டையைப் பிளந்தபோது சிரிப்பு நின்றது.

"மரம் தன் ஆயுசு முழுக்கக் காற்றிலிருந்து கரியை வாங்கி உடம்பில் சேர்த்து வைக்கிறது மகாராஜா" என்றார் ஆதனார். "சூளை அதைச் சில நாளில் புகையாக்கி வானத்துக்கே திருப்பிவிடுகிறது. வெக்கை ஏறாமல் என்ன செய்யும்?"

வழக்கத்தை ரத்து செய்துவிட்டால் போதாதா என்று கேட்டான் ராஜா. ஆதனார் விடங்கரின் காவல்காரர்களைக் கையால் காட்டினார். காவலுக்கு நின்றவர்களே வெட்டினார்கள் என்றால், பாதை இருக்கிறவரை யார் தடுப்பது? பாதையை மூட வேண்டும் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. மூடினால் நீலி அம்மாவைப் பார்ப்பது எப்படி? அதைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

ராணியே சொன்னாள். "மூடிவிடுங்கள். பாதை இல்லாதபோது எனக்கு ஊர் தூரத்தில் இருந்தது. பாதை வந்த பிறகு ஊரே இல்லை. அம்மாவைப் பார்க்க வருஷத்துக்கு ஒரு தடவை நடந்து போகிறேன்."

பாதை மூடப்பட்டது. அதைக் கொத்திக் கன்று நடும் வேலை விடங்கருக்கு. பதவிப் பட்டையோடு குழி தோண்டினார். பரிசாக என்ன வேண்டும் என்று ராஜா கேட்டபோது, சூளைகளை அணைக்க உத்தரவு வாங்கிக்கொண்டார் ஆதனார். அந்த உத்தரவை மட்டும் ராஜா மாற்றவே இல்லை.

நீலி அந்தியில் ஜன்னலில் நிற்பது நிற்கவில்லை. மலையிலிருந்து தேன் கொண்டுவருபவர்களைக் கூப்பிட்டு, அம்மா நலமா, இருவாச்சி எங்கே கேட்கிறது என்று விசாரிப்பாள். இருவாச்சி என்றால் வெகுகாலம் உதட்டைப் பிதுக்கினார்கள். அவள் தலை நரைக்கத் தொடங்கிய பிறகு ஒருத்தன் வந்து, பாதி மலையில் கேட்டதாகச் சொன்னான்.

ராஜா துள்ளி எழுந்து, உடனே பல்லக்கைக் கொண்டுவரச் சொன்னான், பல்லக்கு போகிற அளவுக்குக் கொஞ்சம் வழி வெட்டினால் போதும் என்றான்.

நீலி அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கண் மட்டும் மேற்கே இருந்தது.

"அது இன்னும் முதல் திருப்பத்துக்கு வரவில்லை. வரட்டும்" என்றாள்.